ரவுட்டருக்கு இரண்டு நினைவகங்கள்

2018-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அமெரிக்கப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது. தப்பியோடிய குற்றவாளியின் படமோ அங்க அடையாளமோ அதில் இல்லை. ‘உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள ரவுட்டரை ஒருமுறை அணைத்து மீண்டும் போடுங்கள்’ என்பதே அந்த வேண்டுகோள்!

அப்பொழுது வி.பி.என்.ஃபில்டர் என்ற தீய நிரல் ஒன்று உலகெங்கும் பரவியிருந்தது. குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் சாதனங்களுக்குள் அது புகுந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கண்டனர். அவற்றில் பெரும்பாலானவை சாதாரண ரவுட்டர்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டால் அந்த நிரலின் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆனால் ஒரு சிறு பகுதி மட்டும் போகாது. உள்ளேயே தங்கி, மற்ற பகுதிகளைத் திரும்ப வரவழைக்க அது காத்திருக்கும். அதையும் ஒழிக்க வேண்டுமானால் ரவுட்டரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்டு, புதிய மென்பொருளை ஏற்ற வேண்டும்.

அணைத்தவுடன் ஒரு பகுதி மறைந்தது ஏன்? மற்றொரு பகுதி நிலைத்தது எப்படி? இதற்கு விடை கண்டுவிட்டால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். பழைய ரவுட்டர்கள் சிலவற்றில் புதிய மென்பொருளை ஏற்ற முடியாமல் போவது ஏன் என்பதே அக்கேள்வி. இரண்டையும் இங்கே காண்போம்.

ரவுட்டரும் ஒரு கணிப்பொறியே

அலமாரி மேல் நான்கைந்து சிறு விளக்குகள் கண்சிமிட்ட உட்கார்ந்திருக்கும் ரவுட்டரைப் பார்த்தால் ஏதோ மின்சாரப் பெட்டி என்று தோன்றும். உண்மையில் அது ஒரு முழுமையான கணிப்பொறி. திரையும் விசைப்பலகையும் இல்லையே தவிர, கணக்கிடும் செயலகம் உண்டு, நினைவகம் உண்டு, அவற்றை இயக்கும் மென்பொருளும் உண்டு. கருவிக்குள்ளேயே குடியிருக்கும் இந்த மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். பல ரவுட்டர்களில் இந்த ஃபர்ம்வேர் லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது.

வீட்டிலுள்ள கைப்பேசி, கணிப்பொறி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து வரும் தகவல் பொட்டலங்களை உரிய கருவிக்கு அனுப்புவதே ரவுட்டரின் வேலை. ஓய்வில்லாத வேலை! ஆகவே அதன் மென்பொருளில் பிழை இருந்தால் வீட்டின் தலைவாசலே திறந்து கிடப்பது போலாகும். பிழை கண்டுபிடிக்கப்படும்போது திருத்திய ஃபர்ம்வேர் வெளியிடப்படுகிறது. அதை ஏற்றிக்கொள்வதையே ‘மேம்படுத்துதல்’ என்கிறோம்.

பரணும் மேடையும்

பழைய வீடுகளில் பரண் இருக்கும். பண்டிகைக்கு வேண்டிய பாத்திரங்கள் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். சமைக்கும்போது அவற்றை இறக்கி அடுக்களை மேடையில் வைப்பார்கள். வேலை முடிந்தால் மேடை துடைக்கப்பட்டுவிடும். பரணில் உள்ளவை அப்படியே இருக்கும்.

ரவுட்டரின் பரண் ஃபிளாஷ் நினைவகம். மின்சாரம் நின்றாலும் இதில் எழுதப்பட்டது அழியாது. ஃபர்ம்வேரும், நீங்கள் வைத்த கடவுச்சொல் போன்ற அமைப்புகளும் இங்கேதான் தங்குகின்றன. இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. 1984-இல் இதனை அவர் அறிவித்தார். ஒரு பெரும் பகுதியை ஒரே வீச்சில் அழிக்கும் இதன் இயல்பு, புகைப்படக் கருவியின் ஃபிளாஷ் வெளிச்சத்தை நினைவூட்டியதால் இந்தப் பெயர் வந்தது.

ரவுட்டரின் மேடை ராம் எனப்படும் பணி நினைவகம். இதன் ஒவ்வோர் அறையும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. அதில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே வினாடிக்குப் பல முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் புதுப்பிப்பும் நிற்கும்; நினைவும் போய்விடும். இவ்வகை நினைவகத்தை 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் உருவாக்கினார்.

இப்பொழுது எஃப்.பி.ஐ.யின் வேண்டுகோள் விளங்கியிருக்கும். தீய நிரலின் பெரும்பகுதி மேடையில் இருந்தது, அணைத்ததும் துடைக்கப்பட்டுவிட்டது. ஒரு சிறு பகுதி பரணில் ஏறி ஒளிந்திருந்தது, அது தப்பிவிட்டது.

நான்கு மெகாபைட்டில் குடித்தனம்

கைப்பேசியின் நினைவகத்தைக் கிகாபைட்டில் கூறுகிறோம். ஒரு கிகாபைட் என்பது 1024 மெகாபைட். பல மலிவான ரவுட்டர்களிலோ ஃபிளாஷ் நினைவகம் மொத்தமே 4 மெகாபைட்! அஃதாவது 4 × 1024 × 1024 = 41,94,304 பைட்டுகள். இது எவ்வளவு? யூனிகோடு முறையில் தமிழைச் சேமிக்கும்போது பெரும்பாலும் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டுகள் தேவை. ‘அம்மா’ என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறிகள். ஆகவே 15 பைட்டுகள். ஒரு பக்கத்துக்கு 1,500 குறிகள் என்று கொண்டால், 4 மெகாபைட்டில் சுமார் 930 பக்கங்கள் அடங்கும். ஒரு பருமனான புத்தகம். ஒரு கணிப்பொறியை இயக்கும் மென்பொருள் முழுவதும் இதற்குள் அடங்கவேண்டும்!

அந்த 4 மெகாபைட்டும் ஃபர்ம்வேருக்குக் கிடைப்பதில்லை. டிபி-லிங்க் நிறுவனத்தின் டி.எல்.-டபிள்யூ.ஆர்.841என் என்ற ரவுட்டரை எடுத்துக்கொள்வோம். இதன் பல பதிப்புகளில் ஃபிளாஷ் 4 மெகாபைட், ராம் 32 மெகாபைட். 4 மெகாபைட் என்பது 4096 கிலோபைட். முதல் 128 கிலோபைட்டில் தொடக்க நிரல் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் கண்விழித்து, மற்றவற்றை எழுப்புவது இதுவே. கடைசி 64 கிலோபைட்டில் வானொலிப் பகுதியின் அளவீட்டுக் குறிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு ரவுட்டரின் வானொலிப் பகுதியும் நுட்பத்தில் சற்றே வேறுபடும். ஆகவே தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து இக்குறிப்புகளை எழுதுகிறார்கள். இவை அழிந்தால் வேறொரு ரவுட்டரிலிருந்து நகலெடுத்துச் சரிசெய்ய இயலாது. இந்த இரண்டு பகுதிகளையும் தொடவே கூடாது.

4096 − 128 − 64 = 3904 கிலோபைட். ஃபர்ம்வேரும் உங்கள் அமைப்புகளும் சேர்ந்து குடியிருக்க இவ்வளவே இடம்.

பலகையைத் துடைத்தால்தான் எழுதலாம்

ஃபிளாஷ் நினைவகத்துக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. வெறுமையாக உள்ள ஃபிளாஷில் எல்லா அறைகளிலும் 1 இருக்கும். எழுதுவது என்றால் வேண்டிய இடங்களில் 1-ஐ 0 ஆக்குவது. ஆனால் ஒரு 0-ஐ மட்டும் தனியே மீண்டும் 1 ஆக்க முடியாது. அது இருக்கும் தொகுதி முழுவதையும் துடைத்தாக வேண்டும். ஓர் எழுத்தைத் திருத்தக் கரும்பலகை முழுவதையும் துடைப்பது போல! சிறு ரவுட்டர்களில் ஒரு தொகுதி பெரும்பாலும் 64 கிலோபைட்.

இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. ரவுட்டர்களில் அமைப்புகளைச் சேமிக்கப் பயன்படும் ஜே.எஃப்.எஃப்.எஸ்.2 என்ற கோப்பு முறைக்குக் குறைந்தது 5 தொகுதிகள் வேண்டும். ஒன்றைத் துடைக்கும்போது அதில் உள்ளதை வேறொன்றுக்கு மாற்றி வைக்க இடம் தேவையல்லவா? 5 × 64 = 320 கிலோபைட். நமது எடுத்துக்காட்டில் 3904-இலிருந்து இதைக் கழித்தால் 3584 கிலோபைட் மிஞ்சுகிறது. புதிய ஃபர்ம்வேர் 3700 கிலோபைட் என்று கொள்வோம். ஃபிளாஷில் அது அடங்கிவிடும். ரவுட்டரும் ஓடும். ஆனால் அமைப்புகளைச் சேமிக்க இடம் இராது. அவை ராமில் தற்காலிகமாக வைக்கப்படும். நீங்கள் காலையில் வைத்த கடவுச்சொல்லை மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் மறந்துவிடும்!

பஞ்சுப் பொதியும் ஒட்டுத்தாளும்

இவ்வளவு சிறிய இடத்தில் மென்பொருளை எப்படி அடைக்கிறார்கள்? பஞ்சைப் பொதியாக அழுத்திக் கட்டுவது போல, ஃபர்ம்வேரைச் சுருக்கி வைக்கிறார்கள். இதற்கென்றே ஸ்குவாஷ் எஃப்.எஸ். என்ற கோப்பு முறை இருக்கிறது. ஆனால் பொதியைப் பிரித்தால் பஞ்சு உப்புமல்லவா? ஃபிளாஷில் சுருங்கிக் கிடக்கும் நிரல், இயங்குவதற்காக ராமுக்கு வரும்போது முழு அளவுக்கு விரிகிறது. எனவே பரணில் இடம் இருந்தால் மட்டும் போதாது. மேடையிலும் இடம் வேண்டும்.

ராமுக்கு வேறு செலவுகளும் உண்டு. வீட்டிலிருந்து வெளியே செல்லும் ஒவ்வொரு தொடர்பையும் ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்து வைக்கிறது. ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான தொடர்புகள் ஏற்பட்டால் அட்டவணையும் வளரும். ராம் அடியோடு தீர்ந்துபோனால் லினக்ஸ் ஒரு கடுமையான முடிவை எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் ஒன்றைத் தேர்ந்து நிறுத்திவிடும். திடீரென்று வைஃபை மறைவதற்கும், ரவுட்டர் தானாக மறுபடி தொடங்குவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஸ்குவாஷ் எஃப்.எஸ். பகுதி படிப்பதற்கு மட்டுமே. அதில் திருத்தி எழுத முடியாது. பாடநூலில் பிழை நேர்ந்தால் திருத்திய வரியைத் துண்டுத்தாளில் அச்சிட்டு அதன் மேல் ஒட்டுவார்கள் அல்லவா? அதே முறைதான் இங்கும். மாற்றங்கள் எல்லாம் மேலே ஒட்டப்படும் மற்றொரு பகுதியில் எழுதப்படுகின்றன. அடியில் உள்ள அச்சு அப்படியே இருக்கும். இதனால் ஒரு வியப்பான விளைவு உண்டாகிறது. ஃபர்ம்வேருடன் வந்த ஒரு நிரலை ‘நீக்கினால்’ இடம் கூடாது. ‘இது இல்லை’ என்று ஒரு துண்டு ஒட்டப்படுகிறது, அவ்வளவுதான். அந்த நிரலின் புதிய பதிப்பை ஏற்றினாலோ, பழையதும் புதியதும் இரண்டுமே இடம் பிடித்துக்கொள்ளும். எனவே இத்தகைய ரவுட்டர்களில் நிரல்களை ஒவ்வொன்றாகப் புதுப்பிப்பதைவிட, ஃபர்ம்வேர் முழுவதையும் புதிதாக ஏற்றுவதே முறை.

இதில் ஒரு நன்மையும் உண்டு. தொழிற்சாலை நிலைக்கு மீட்பது என்றால் ஒட்டுத்தாள்களை எல்லாம் உரித்து எறிவதுதான். அடியில் உள்ள அச்சு பழுதுபடாமல் கிடைக்கும்.

நிற்கும் தரையைப் பெயர்ப்பது எப்படி?

கூடத்தின் தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். வேலை செய்பவர் எங்கே நிற்பார்? ஒரு பலகையைப் போட்டு அதன் மேல்தான் நிற்க வேண்டும். ரவுட்டரை மேம்படுத்துவதும் இதே போன்ற வேலையே. மாற்றி எழுதவேண்டிய ஃபிளாஷில்தான், மாற்றும் வேலையைச் செய்யும் நிரலும் இருக்கிறது!

இந்தச் சங்கடத்தை ராம் தீர்த்து வைக்கிறது. ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற திறந்த மூல ஃபர்ம்வேரில் நடப்பதைப் பார்ப்போம். முதலில் புதிய ஃபர்ம்வேர்க் கோப்பு முழுவதும் ராமுக்கு வந்து சேர்கிறது. அது இந்த ரவுட்டருக்கு உரியதுதானா என்று சோதிக்கப்படுகிறது. பிறகு மற்ற பணிகள் நிறுத்தப்படுகின்றன. எழுதுவதற்கு வேண்டிய கருவி நிரல்கள் ராமுக்கு நகலெடுக்கப்படுகின்றன. அதுவே நமது பலகை. அதன் பின்னரே ஃபிளாஷின் தொகுதிகள் துடைக்கப்பட்டு, புதியது எழுதப்படுகிறது.

ஆகவே ஒரே நேரத்தில் ராமில் மூன்று பேருக்கு இடம் வேண்டும்: இயங்கும் லினக்ஸ், எழுதும் கருவிகள், காத்திருக்கும் புதிய ஃபர்ம்வேர். 32 மெகாபைட் ராமில் 27 மெகாபைட் ஏற்கெனவே செலவாகிவிட்டது என்று கொள்வோம். மீதி 5. புதிய கோப்பு 6 மெகாபைட் என்றால் ஃபிளாஷில் இடம் இருந்தும் பயனில்லை. கோப்பு வீட்டுக்குள்ளேயே வர முடியாது!

துடைத்தலுக்கும் எழுதுதலுக்கும் நடுவே மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? பழையது அழிந்துவிட்டது. புதியதோ ராமோடு மறைந்துவிட்டது. கருவி உயிரற்றுக் கிடக்கும். ஆர்வலர்கள் இதைச் ‘செங்கல்’ என்று அழைக்கிறார்கள். எனினும் தொடக்க நிரல் மட்டும் பிழைத்திருந்தால், பல ரவுட்டர்களில் கம்பி வழியே மீண்டும் ஃபர்ம்வேரை ஊட்டிப் பிழைக்கவைக்கலாம். அதைத் தொடக்கூடாது என்று முன்பு கூறியதன் காரணம் இதுவே. ஃபிளாஷ் தாராளமாக உள்ள சில கருவிகளில் இரண்டு ஃபர்ம்வேர்களுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். ஒன்று ஓடும்போது மற்றொன்று எழுதப்படும். எழுதுவது பாதியில் நின்றாலும் பழையது கைகொடுக்கும்.

பெயர் ஒன்று, உள்ளே வேறு

லிங்சிஸ் நிறுவனம் 2002-இன் இறுதியில் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரை வெளியிட்டது. நீலமும் கறுப்பும் கலந்த, இரண்டு கொம்புகள் கொண்ட பெட்டி. அதில் 4 மெகாபைட் ஃபிளாஷும் 16 மெகாபைட் ராமும் இருந்தன. அதன் மென்பொருள் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது என்று தெரியவந்ததும், லினக்ஸின் உரிமம் கோரியபடி 2003-இல் மூலநிரல் வெளியிடப்பட்டது. ஆர்வலர்கள் அதை எடுத்துத் திருத்தத் தொடங்கினர். 2004-இல் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. பிறந்தது. அதன் பெயரின் பிற்பகுதி இந்த ரவுட்டரின் பெயரிலிருந்து வந்ததே.

2005-இல் இதே ரவுட்டரின் ஐந்தாம் பதிப்பு வந்தது. வெளியே அதே பெட்டி, அதே பெயர். உள்ளேயோ ஃபிளாஷ் 2 மெகாபைட், ராம் 8 மெகாபைட்! இரண்டும் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தன. லினக்ஸுக்குப் பதிலாக, குறைந்த இடத்தில் இயங்கும் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம் வைக்கப்பட்டிருந்தது. லினக்ஸை விரும்புவோருக்காக முந்தைய அளவு நினைவகத்துடன் டபிள்யூ.ஆர்.டி.54ஜிஎல் என்ற தனி ரவுட்டர் விற்கப்பட்டது. பெட்டியின் பெயரை மட்டும் பார்த்து ஃபர்ம்வேரைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? அடிப்பக்கச் சீட்டில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டும்.

ஆண்டுகள் செல்லச் செல்ல லினக்ஸின் உட்கரு பருத்தது. புதிய பாதுகாப்பு முறைகள் சேர்ந்தன. ரவுட்டரின் நினைவகமோ சாலிடர் வைத்து ஒட்டப்பட்ட சில்லு, அது வளராது. 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் ராமும் கொண்ட கருவிகளுக்கு ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யின் 19.07 வரிசையே கடைசி. அந்த வரிசைக்கான ஆதரவும் 2022-இல் நிறுத்தப்பட்டது. அக்கருவிகள் பழுதாகவில்லை, இன்றும் ஓடக்கூடும். ஆனால் இனிக் கண்டுபிடிக்கப்படும் பிழைகளுக்கான திருத்தங்கள் அவற்றுக்கு வந்து சேரா. நினைவகம் தீர்ந்தபோதே பாதுகாப்பும் தீர்ந்தது. வாங்கும்போது தேவைக்குச் சற்று அதிகமான நினைவகம் உள்ளதைத் தேர்ந்தால், கருவியின் ஆயுளும் நீளும். மின்னணுக் குப்பையும் குறையும்.

மேம்படுத்தும் முன்

வீட்டு ரவுட்டரை மேம்படுத்த நேர்ந்தால் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள். மாதிரிப் பெயருடன் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய கோப்பின் அளவையும், ஃபிளாஷிலும் ராமிலும் உள்ள காலி இடத்தையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். கோப்புடன் சரிபார்ப்பு எண் தரப்பட்டிருந்தால், இறக்கிய கோப்பின் எண்ணும் அதுவேயா என்று பாருங்கள். அமைப்புகளின் நகலைக் கணிப்பொறியில் எடுத்து வையுங்கள். வைஃபையை நம்பாமல் கம்பி வழியே இணையுங்கள். மின்வெட்டு வரக்கூடிய நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருக்கும்போது பொறுமை இழந்து அணைத்துவிடாதீர்கள்!

கணக்கிட்டுப் பாருங்கள்

ஒரு ரவுட்டரின் ஃபிளாஷ் 8 மெகாபைட். அதில் தொடக்க நிரலுக்கு 256 கிலோபைட்டும் அளவீட்டுக் குறிப்புகளுக்கு 64 கிலோபைட்டும் ஒதுக்கப்பட்டுள்ளன. தொகுதியின் அளவு 64 கிலோபைட். புதிய ஃபர்ம்வேர் 7680 கிலோபைட். அது ஃபிளாஷில் அடங்குமா? அடங்கினால், நீங்கள் வைக்கும் கடவுச்சொல் மின்வெட்டுக்குப் பிறகும் நினைவிருக்குமா?

விடை: 8192 − 256 − 64 = 7872. ஆகவே ஃபர்ம்வேர் அடங்கும். மீதி 192 கிலோபைட். அஃதாவது 3 தொகுதிகள். 5 தொகுதிகள் தேவை என்பதால் கடவுச்சொல் நிலைக்காது. அடங்குவது வேறு, வாழ்வது வேறு!